இழையும் எல்லையும்

சரக்கைக் கொண்டுசெல்லும் எந்த ஏற்பாட்டிலும் இரண்டு எடைகள் உண்டு. சரக்கின் எடை ஒன்று, அதைத் தாங்கும் கலத்தின் எடை மற்றொன்று. நீடாமங்கலம் ரயில் நிலையத்தில், அறுவடைக் காலம்தோறும் சுற்றுவட்டாரக் கொள்முதல் நிலையங்களிலிருந்தும் கிடங்குகளிலிருந்தும் லாரிகளில் வந்துசேரும் 40 கிலோ நெல் மூட்டைகள் சுமைதூக்கும் தொழிலாளர்களின் தலையிலும் முதுகிலும் ஏறி வேகன்களுக்குள் அடுக்கப்பட்டு, அரவைக்காக வெளிமாவட்டங்களுக்குப் புறப்படும்போது, இரண்டாவது எடையைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. சணல் சாக்கின் சில நூறு கிராம் கொள்முதல் நிலையத்துத் தராசில் ஒரு வாக்குவாதமாகலாமே தவிர, ஆயிரம் டன்னையும் அதற்கு மேலும் இழுக்கும் எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விமானத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே கலத்தின் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வொரு பறப்பிலும் எரிபொருளைத் தின்கிறது.

அகன்ற உடலுடைய விமானங்களின் கீழ்த்தளத்தில் பெட்டிகளும் சரக்கும் வெறுமனே குவிக்கப்படுவதில்லை. அவை தரையிலேயே ஒரே அளவுள்ள கலங்களில் நிரப்பப்பட்டு, உருளைகளின் மீது தள்ளப்பட்டு, தரையிலுள்ள பூட்டுகளில் மாட்டப்படுகின்றன. துறையில் யு.எல்.டி. என்று அழைக்கப்படும் இக்கலங்களில் மிகப் பரவலானது எல்.டி.3 எனும் வகை. விமான உடலின் வளைவுக்குப் பொருந்துவதற்காக அதன் ஒரு பக்கத்துக் கீழ்மூலை சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், உள்ளே ஏறத்தாழ 4.3 கனமீட்டர் இடமிருக்கும், கலத்தின் சொந்த எடையையும் சேர்த்து மொத்தம் 1,588 கிலோவுக்கு மேல் அதில் ஏற்றக்கூடாது. போயிங் 777-300இ.ஆர். விமானத்தின் கீழ்த்தளம் இத்தகைய 44 கலங்களைக் கொள்ளும். அலுமினியத்தாலான கலத்துக்குப் பதிலாகக் கூட்டுப்பொருள் தகடுகளாலான கலத்தைப் பயன்படுத்தி ஒவ்வொன்றிலும் 20 கிலோவைக் குறைத்தால், மொத்தம் 880 கிலோ மிச்சமாகும். அதாவது, 22 நெல் மூட்டைகளின் எடையை அந்த விமானம் காரணமின்றிச் சுமந்து பறந்துகொண்டிருந்தது என்று பொருள்.

கூட்டுப்பொருள் என்பது இழையைப் பிசினில் பதித்து இறுகச் செய்த பொருள். வைக்கோலைக் கலந்து மிதித்த மண்ணால் சுவர் எழுப்பிய காவிரிப் படுகை வீடுகளில் உள்ள தத்துவம்தான் இதிலும் உள்ளது. மண் தனியாக விரிசல் விடும், வைக்கோல் தனியாக நிற்காது, இரண்டும் சேர்ந்தால் சுவராகும். விமானச் சரக்கறையில் இந்த இழை எடையை மட்டுமன்றித் தீயையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. 1996 மே 11 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வேல்யூஜெட் 592 விமானத்தின் சரக்கறையில் பற்றிய தீயில் 110 பேர் இறந்ததும், 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் லித்தியம் மின்கலங்களை ஏற்றிச்சென்ற யு.பி.எஸ். 6 சரக்கு விமானம் தீப்பற்றி விழுந்து விமானிகள் இருவரும் இறந்ததும், சரக்கறைச் சுவரும் கலத்தின் தகடும் எதனால் செய்யப்பட வேண்டும் என்பதை உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாக்கின. இந்தத் தேவைகளையெல்லாம் நிறைவுசெய்யும் இழைகளில் ஒன்று அராமிட். இலகுரகக் கலங்களின் தகடுகளிலும் திரைக்கதவுகளிலும் அது இடம்பெறுகிறது. அதன் உறவுக்கார இழையான நோமெக்ஸ், தேன்கூடு போன்ற அறைகளாக மடிக்கப்பட்டு விமானத் தளப் பலகைகளின் உட்கூடாகிறது. அலுமினியத் தகடுகளுக்கிடையே அராமிட் இழையைப் பதித்து நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆரால் எனும் அடுக்குத் தகடு, சி-17 ராணுவச் சரக்கு விமானத்தின் தொடக்ககாலப் பின்புறச் சரக்குக் கதவில் இடம்பெற்றது. இத்தகைய பொருள்களின் உரிமையைப் பற்றிய பெரும் சண்டைகளில் ஒன்று அராமிட் இழையைப் பற்றியது.

அந்தச் சண்டைக்குள் போகுமுன் காப்புரிமையின் இலக்கணத்தைச் சற்றே தெரிந்துகொள்வது நல்லது. காப்புரிமை என்பது ஒரு புதிய கண்டுபிடிப்பை முழுமையாக எழுதி வெளியிடுவதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறர் அதைப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமையை அரசு வழங்குவதாகும். அதன் உயிர் உரிமைக்கோரல் எனப்படும் பகுதியில் இருக்கிறது. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போல, கண்டுபிடிப்பின் எல்லை எதுவரை என்பதை எண்ணிட்ட வாக்கியங்களில் வரையறுக்கும் பகுதி அது. பொருளையே கோரினால் அது பொருள் காப்புரிமை. அதைச் செய்யும் முறையைக் கோரினால் செய்முறைக் காப்புரிமை. ஒரு பூட்டோ உருளையோ வழக்குக்கு வந்தால், அதைப் பிரித்துப் பார்த்தே மீறல் நடந்ததா என்று சொல்லிவிடலாம். ஒரு நூலிழையைப் பிரித்துப் பார்த்து, அது எந்தக் கரைப்பானில் கரைந்திருந்தது, எத்தனை பாகை வெப்பத்தில் நூற்கப்பட்டது என்று சொல்வது எளிதன்று. முடிந்த பொருள் தான் வந்த வழியைத் தன் மேல் எழுதி வைத்துக்கொள்வதில்லை. மூலப்பொருள்களைப் பற்றிய காப்புரிமை வழக்குகளின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965ஆம் ஆண்டில் உருவாக்கிய ஒரு கரைசல், வழக்கமான பல்லுறுப்பிக் கரைசல்களைப் போலத் தெளிவாகவும் பாகாகவும் இல்லாமல், கலங்கலாகவும் நீர்த்தும் இருந்தது. பல்லுறுப்பி என்பது சிறு மூலக்கூறுகள் திரும்பத்திரும்பச் சங்கிலியாகக் கோக்கப்பட்டு உருவாகும் நீண்ட மூலக்கூறு. நைலானின் சங்கிலி வளைந்து நெளியும். அதே அமைடு பிணைப்புகளுக்கிடையே பென்சீன் வளையங்கள் வந்தமரும் அராமிட்டின் சங்கிலி கம்பைப் போல விறைத்து நிற்கும். கரைசலில் இந்தக் கம்புகள் ஓரளவுக்கு மேல் நெருங்கியதும், கையறுவடைக் காலத்தில் வயலில் அரிஅரியாகக் கிடத்திய நெற்தாள்களைப் போல, தாமாகவே ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. ஓடும் தன்மையும் ஒழுங்கும் சேர்ந்த இந்த நிலைக்குத் திரவப் படிகம் என்று பெயர். அந்த ஒழுங்கு கலையாமல் இழையாக்கினால், எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை கிட்டும். இதுவே பிற்பாடு கெவ்லார் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஆனால் வலிமையின் காரணமே உற்பத்திக்குத் தடையாகவும் அமைந்தது. விறைத்த சங்கிலிகள் எளிதில் கரைவதில்லை. உருகுவதற்கு முன்பே சிதைந்துவிடுகின்றன. இந்தச் சிக்கலை அதே நிறுவனத்தின் ஹெர்பர்ட் பிளேட்ஸ் அவிழ்த்தார். ஏறத்தாழ நீரே கலவாத கந்தக அமிலத்தைச் சூடாக்கினால், எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான பல்லுறுப்பி அதில் கரைகிறது என்பதையும், அந்தச் சூடான கரைசலை நுண்துளைத் தட்டின் வழியே பிழிந்து, குளிர்ந்த நீரில் நேராக விடாமல் நடுவே சிறிது காற்றிடைவெளியைக் கடக்கச் செய்தால் இழை நீண்டு ஒழுங்குபடுகிறது என்பதையும் அவர் காட்டினார். இடியாப்ப அச்சிலிருந்து இறங்கும் மாவிழை தட்டைத் தொடுமுன் காற்றில் தொங்கும் அந்தக் கணத்தை நினைத்துக்கொண்டால், காற்றிடைவெளி என்பது என்னவென்று விளங்கும். 1973இல் பிளேட்ஸின் பெயரில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அமெரிக்காவில் பின்னர் வழக்காடப்பட்டது குவோலெக்கின் பல்லுறுப்பியைப் பற்றியன்று. பிளேட்ஸின் சூடான அமிலத்தையும் காற்றிடைவெளியையும் பற்றியே.

இதே காலத்தில் நெதர்லாந்தின் ஆக்சோ நிறுவனமும் அதே இழையைத் தேடிக்கொண்டிருந்தது. ட்வாரான் என்ற பெயரில் அது விற்கவிருந்த இழை வேதியியல் அமைப்பில் கெவ்லாரேதான். பல்லுறுப்பியை உருவாக்கும் முதற்கட்டத்துக்கு டூபாண்ட் பயன்படுத்திய எச்.எம்.பி.ஏ. எனும் கரைப்பான் எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது 1970களின் நடுவில் தெரியவந்தது. ஆக்சோவின் ஆய்வாளர்கள், என்.எம்.பி. எனப்படும் வேறொரு கரைப்பானில் கால்சியம் குளோரைடு உப்பைச் சேர்த்தால் அதே வேலை நடக்கும் என்று கண்டறிந்து அதற்குக் காப்புரிமை பெற்றனர். பின்னர் டூபாண்டும் அந்தக் கரைப்பான் முறைக்கே மாற நேர்ந்தது. ஆக, ஒரு நிறுவனம் பல்லுறுப்பியை உருவாக்கும் வழியையும், மற்றொன்று அதை இழையாக நூற்கும் வழியையும் கையில் வைத்துக்கொண்டு, மற்றவரின் துணையின்றி எவரும் நிம்மதியாக உற்பத்தி செய்ய முடியாத ஒரு நிலை உருவாயிற்று. பல நாட்டு நீதிமன்றங்களில் இருவரும் மாறிமாறி வாதியாகவும் பிரதிவாதியாகவும் நின்றனர்.

அமெரிக்காவில் டூபாண்ட் தேர்ந்தெடுத்த களம் கவனிக்கத்தக்கது. அன்றைய அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி, அந்நாட்டில் காப்புரிமை பெற்ற ஒரு செய்முறையை அயல்நாட்டில் கையாண்டு, விளைந்த பொருளை மட்டும் அமெரிக்காவுக்குள் கொண்டுவந்து விற்பது மீறலாகக் கருதப்படவில்லை. இந்த ஓட்டை 1988இல்தான் அடைக்கப்பட்டது. ஆகவே டூபாண்ட் வழக்கமான நீதிமன்றத்தை விட்டுவிட்டு, 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 337ஆம் பிரிவின்கீழ் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தை நாடியது. அந்த ஆணையத்தால் இழப்பீடு வாங்கித்தர முடியாது, ஆனால் துறைமுகத்திலேயே சரக்கை நிறுத்த முடியும். பல்லுறுப்பிக் கரைசல் குவோலெக்கின் காப்புரிமையில் ஏற்கெனவே இருந்தது, காற்றிடைவெளி நூற்பு வேறொரு பழைய காப்புரிமையில் இருந்தது, தெரிந்த இரண்டைச் சேர்ப்பது துறை அறிந்தவருக்கு இயல்பாகத் தோன்றக்கூடியதே என்பது ஆக்சோவின் வாதம். ஆணையம் அதை ஏற்கவில்லை. 1985இல் ஆக்சோவின் இழையை நாட்டுக்குள் விடக்கூடாது என ஆணையிட்டது, 1986 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

தெரிந்தவற்றைச் சேர்ப்பது எப்போது கண்டுபிடிப்பாகும் என்ற இந்தக் கேள்வி இந்திய உச்சநீதிமன்றத்தின் முன்பும் எளிமையான உருவில் வந்திருக்கிறது. பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் ஒரு அமைப்புக்குப் பெறப்பட்ட காப்புரிமையைப் பற்றிய பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கில், 1978இல் அளித்த தீர்ப்பில், பட்டறை அனுபவமுள்ள ஒருவர் இயல்பாகச் செய்யக்கூடிய மேம்பாடு காப்புரிமைக்குத் தகுதியாகாது என்று நீதிமன்றம் கூறி, காப்புரிமை செல்லாது என முடித்தது. அமிலமும் காற்றிடைவெளியும் சேர்ந்தபோது கிடைத்த வலிமையை எவரும் எதிர்பார்க்கவில்லை என்பதால் பிளேட்ஸ் தப்பினார். பாத்திரப் பட்டறைக்காரருக்கு அந்த எதிர்பாராமை வாய்க்கவில்லை. வேம்பு, மஞ்சள் ஆகியவற்றின் காப்புரிமைகள் வெளிநாடுகளில் நீக்கப்பட்ட கதை தமிழில் போதுமான அளவு சொல்லப்பட்டிருப்பதால் இங்கே அதை விரிக்கத் தேவையில்லை. அவற்றிலும் கேட்கப்பட்டது, முன்பே தெரிந்ததற்கும் புதியதற்கும் இடையே வரப்பு எங்கே ஓடுகிறது என்பதுதான்.

துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட இழை அத்துடன் அடங்கிவிடவில்லை. உள்நாட்டில் செய்த பொருளின்மீது வழக்கிட்டால் சாதாரண நீதிமன்றம், அயல்நாட்டிலிருந்து வந்த பொருளின்மீது வழக்கிட்டால் அதைவிடக் கடுமையான, காலக்கெடு விதித்த, எதிர்வழக்குக்கு இடமில்லாத ஆணையம் என்ற இந்த இரட்டை நடைமுறை காட் எனும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்துக்கு முரணானது என்று ஐரோப்பியச் சமூகம் அந்த அமைப்பில் முறையிட்டது. டூபாண்டும் ஆக்சோவும் 1988இல் உலகளாவிய உடன்பாடு செய்துகொண்டு ஒருவர் காப்புரிமையை மற்றவர் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்துவிட்ட பிறகும் முறையீடு நிற்கவில்லை. 1989 நவம்பரில் ஏற்கப்பட்ட காட் குழுவின் அறிக்கை, 337ஆம் பிரிவின் நடைமுறை இறக்குமதிப் பொருள்களைப் பாகுபடுத்துகிறது என்று முடிவுகூறியது. சண்டையிட்டவர்கள் கைகுலுக்கிவிட்டார்கள், அவர்கள் எழுப்பிய கேள்வி மட்டும் நாடுகளுக்கிடையே தொடர்ந்தது.

அந்தக் கேள்வியை இந்தியா அதற்கு 30 ஆண்டுகள் முன்பே வேறொரு கோணத்தில் எதிர்கொண்டிருந்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்சநீதிமன்றம் சென்ற என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் மத்திய அரசுக்கு அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் பெரும்பாலானவை அயல்நாட்டவருடையவை என்பதையும், அவற்றில் மிகுதியானவை இந்தியாவில் உற்பத்திக்கு வராமல் இறக்குமதிச் சந்தையைக் காக்கவே பயன்பட்டன என்பதையும் காட்டியது. 1877 முதல் வேதிப்பொருள்களுக்குப் பொருள் காப்புரிமை மறுத்து, செய்முறைக்கு மட்டும் வழங்கிவந்த ஜெர்மனியின் முன்மாதிரியும் அவர் முன்னே இருந்தது. அந்த அறிக்கையின் அடியொற்றி வந்த 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உணவு, மருந்து ஆகியவற்றுக்கு மட்டுமன்றி, உலோகக் கலவை, ஒளியியல் கண்ணாடி, குறைக்கடத்தி உள்ளிட்டு வேதிமுறையில் உருவாகும் எந்தப் பொருளுக்கும் பொருள் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று வகுத்தது. மருந்து விலையைப் பற்றிய விவாதங்களில் மட்டுமே நினைக்கப்படும் இந்தப் பிரிவு, விமானத்துக்கு வேண்டிய இழையையும் கலவை உலோகத்தையும் சேர்த்தே அணைத்திருந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி.

ஐயங்காரின் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த சிந்தனை, ஒரே பொருளுக்கு இன்னொரு வழியைக் கண்டுபிடிப்பவரின் பாதையை அடைக்கக்கூடாது என்பது. ஆக்சோவின் கரைப்பான் அந்தச் சிந்தனைக்கு ஒரு நல்ல சான்று எனலாம். இரண்டாவது வழியைத் தேடியவர்களிடமிருந்தே, தொழிலாளர்களுக்குத் தீங்கு குறைந்த வழி கிடைத்தது. அதே சமயம், செய்முறை உரிமை மட்டும் கையிலிருப்பவர் எதிராளியின் ஆலைக்குள் நடப்பதை எப்படி நிரூபிப்பார் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் நிறைவான விடை இல்லை. உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையை ஒட்டி 2002இல் சேர்க்கப்பட்ட 104ஏ பிரிவு அந்த இடைவெளியை நிரப்பியது: காப்புரிமை பெற்ற செய்முறையால் விளையும் அதே பொருளை ஒருவர் விற்கும்போது, குறித்த நிபந்தனைகள் நிறைவேறினால், தாம் வேறு வழியில் செய்ததாக நிரூபிக்கும் சுமையை நீதிமன்றம் அவர்மீதே வைக்கலாம். 2005 ஜனவரி 1 முதல் 5ஆம் பிரிவும் நீக்கப்பட்டு, இழையே, கலவையே காப்புரிமைக்கு உரியதாயிற்று.

இதுவரை சொன்னதெல்லாம் இழை சரக்காகப் பயணம் செய்யும்போது பொருந்தும் சட்டம். அதே இழை சரக்கைச் சுமக்கும் உறுப்பாகப் பயணம் செய்தால் சட்டம் வேறு முகம் காட்டுகிறது. 1857இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்த்த பிரவுன் எதிர் டுஷேன் வழக்கில், பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்த ஒரு பிரெஞ்சுக் கப்பலின் பாய் தாங்கும் கழி அமெரிக்கக் காப்புரிமை ஒன்றை மீறுவதாகப் புகார் எழுந்தது. வணிகத்துக்காக வந்துபோகும் அயல்நாட்டுக் கப்பலின் உறுப்பை அப்படித் தடுத்தால் கடல் வணிகமே நின்றுவிடும் என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. இந்தக் கோட்பாடு தொழிற்சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கை வழியே விமானங்களுக்கும் விரிந்தது. 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, பன்னாட்டு விமானத்தின் பாகமோ துணைக்கருவியோ காப்புரிமையை மீறுகிறது என்று சொல்லி அதைச் சிறைபிடிக்கக்கூடாது என்கிறது, விமான நிலையத்தில் வைத்திருக்கும் மாற்று உறுப்புகளுக்கும் அதே காப்பைத் தருகிறது, ஆனால் அவற்றை அந்நாட்டுக்குள் விற்றாலோ வினியோகித்தாலோ அந்தக் காப்பு இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. இந்தியச் சட்டத்தில் இதற்கு இணையானது 49ஆம் பிரிவு: அயல்நாட்டில் பதிவான விமானம் தற்காலிகமாகவோ தற்செயலாகவோ இந்தியாவுக்குள் வந்தால், அதன் கட்டமைப்பிலும் இயக்கத்திலும் துணைக்கருவிகளிலும் ஒரு கண்டுபிடிப்பு பயன்படுவது மீறலாகாது.

தற்காலிகம் என்பதற்கு எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு விடை சொன்ன வழக்கு, பொருத்தமாகவே, ஒரு சரக்கு வேகனைப் பற்றியது. கனடாவிலிருந்து மரம் ஏற்றி அமெரிக்காவுக்குச் சென்றுவரும் ஒருவகைத் தட்டை வேகன் தமது காப்புரிமையை மீறுவதாக நேஷனல் ஸ்டீல் கார் நிறுவனம் கனடியன் பசிபிக் ரயில்வேயின்மீது தொடுத்த வழக்கில், 2004இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வேகன் தன் காலத்தில் பாதிக்கும் மேல் அமெரிக்க மண்ணில் கழித்தாலும், பன்னாட்டு வணிகத்துக்காக மட்டுமே வந்து திரும்புவதால் அதன் வருகை தற்காலிகமானதே என்று கருதி, கீழ்நீதிமன்றத்தின் தடையுத்தரவை நீக்கியது. நாட்களின் எண்ணிக்கையைவிட வந்த நோக்கமே அளவுகோலாயிற்று.

விமானக் கலங்களுக்கு இந்த அளவுகோலைப் பொருத்துவது அவ்வளவு எளிதன்று. குறுகிய உடலுடைய விமானங்களில் பெரும்பாலும் சரக்கு கலமின்றியே அடுக்கப்படுவதால், நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள திருச்சிராப்பள்ளி போன்ற நிலையங்களைவிட, அகன்ற உடல் விமானங்கள் வந்துபோகும் சென்னை போன்ற நிலையங்களில்தான் இந்தச் சிக்கல் எழக்கூடும். தொழில்நுட்ப ஒப்புதல் விதிகள் யு.எல்.டி.யை விமானத்தோடு பொருந்தும் சாதனமாகக் கருதி அதற்கெனத் தனித் தரம் விதிக்கின்றன. ஆனால் அது விமானத்தை விட்டிறங்கி, கிடங்கில் சில வாரங்கள் கிடந்து, குத்தகைக்கு விடும் நிறுவனம் ஒன்றின் உடைமையாக, வேறொரு விமான நிறுவனத்தின் சரக்கை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது. அயல்நாட்டில் பதிவான விமானத்தில் வந்திறங்கும்வரை 49ஆம் பிரிவின் நிழல் அதன்மீது விழுகிறது என்று வாதிடலாம். அதே கலம், அதே அராமிட் தகடுகளோடு, அடுத்த முறை வி.டி. என்ற எழுத்துகளோடு இந்தியாவில் பதிவான விமானத்தில் ஏறினால், அந்தப் பிரிவின் சொற்கள் அதைத் தொடுவதில்லை.